புளியரை ஏற்றத்தில் ஓர் ஈரத்துண்டு

அரைகுறை ஆசாமி கையில் ஒரு கருவி கிடைத்தால் முதலில் சாவது அவன் வீட்டு நிம்மதி. எனக்குக் கிடைத்தது கட்டைவிரல் அளவே உள்ள ஒரு ஸ்கேனர். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் எஞ்சினின் சீக்கெல்லாம் போனில் எழுத்தாக வந்துவிடும். அதை வாங்கிய பிறகு தென்காசியில் யாருடைய வண்டி இருமினாலும் நான் போய் நாடி பிடிப்பேன். யாரும் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு மச்சினன் துபாய்க்குத் திரும்புகிறான். விடுப்பை இழுத்து இழுத்துக் கடைசி நாளுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தான். அன்றே போய் இறங்காவிட்டால் விசா காலி, வேலையும் காலி. சாயங்கால விமானம், திருவனந்தபுரத்திலிருந்து. அப்படியும் பழைய குற்றாலத்தில் ஒரு குளி போட்டுத்தான் கிளம்புவேன் என்றான். குளித்தான். செங்கோட்டை பார்டர் கடையில் நிறுத்தி புரோட்டாவும் தின்றான். பின்சீட்டில் என் மனைவி, அவனுக்கு அக்கா, அவன் வாயில் லாத்தா, மணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புளியரை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முக்கியது. பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. முன்னால் மஞ்சள் விளக்கு. வைக்கோல் லாரி ஒன்று எங்களை முந்திப் போனது.

"என்ன மச்சான், இறங்கித் தள்ளணுமா?"

"டர்போ போச்சு" என்றேன், இழவு சொல்லும் குரலில். ஓரங்கட்டினேன். போனில் வந்த எழுத்து: டர்போ அழுத்த சென்சாரில் கோளாறு. டர்போ எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்று சென்சார் சொல்லும். அது வாய் மூடினால் வண்டியின் கம்ப்யூட்டர் பயந்து வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். என்னைப் போலத்தான், பயந்தால் படுத்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கினேன்.

"மூடியத் தொறந்து பாக்கப்பிடாதா?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் அந்தக் காலம்."

"அப்போ விசா போறவரைக்கும் போனையே நோண்டிட்டு இரிங்க."

பானெட்டைத் திறக்கும் லீவரை இழுப்பதாக நினைத்து டீசல் மூடியைத் திறந்தேன். மச்சினன் சிரித்தான். இரண்டாவது தடவை சரியாகத் திறந்தேன். உள்ளே எஞ்சின்மேல், பாதி வெந்து ஆவி பறக்க, ஒரு பச்சைத் துண்டு. சாரலில் வெளியே காயாது, ஈரத்தோடு பெட்டியிலும் வைக்க முடியாது என்று, புரோட்டாக் கடையில் வண்டி நின்றபோது மச்சினன் விரித்துவிட்டு எடுக்க மறந்த துண்டு. அதன் நுனி நழுவிச் சிக்கி, சென்சாரின் பிளக்கை இழுத்துப் போட்டிருந்தது.

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிரை நல்லதுக்கா செலவழிப்பேன்? "ஏலே, விசாவையில்லாலே காயப்போட்டிருக்க!" என்று துண்டைத் தூக்கி ஆட்டினேன். அவன் முகம் வெளுத்தது. பார்க்க நன்றாக இருந்தது.

பிளக்கைச் செருகினேன். கொக்கி உடைந்திருந்ததால் 'டக்' என்று பிடிக்கவில்லை. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினேன். வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவோ அதையே போன் காட்டியது. சென்சாருக்கு உயிர் இருக்கிறது. கோளாறுப் பதிவை அழித்துவிட்டுக் கிளம்பினோம்.

போனை மச்சினன் கையில் கொடுத்தேன். "இந்த எண்ணப் பாத்துக்கிட்டே வா. ஏத்தத்துல கூடணும். கொறஞ்சா பிளக் கழண்டுட்டுன்னு அர்த்தம்." பெடலிலிருந்து காலை எடுத்தாலும் குறையும் என்பதைச் சொல்லவில்லை.

அவன் காய்ச்சல் பார்ப்பவன்போல வாசித்தான். "நூத்தம்பது... நூத்தெழுவது..." நான் காலை எடுத்தேன். "மச்சான்! விழுது மச்சான்!" மறுபடி மிதித்தேன். அடுத்த வளைவிலும் எடுத்தேன். "யா அல்லா!" என்று டேஷ்போர்டைப் பிடித்தான். பின்சீட்டிலிருந்து என் காலைப் பார்த்துவிட்டாள் அவள். "ஏங்க, அவன் உசிரோட வெளையாடுதியளா?" அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கெட்ட வார்த்தை ஒன்றை லாத்தாவுக்காக விழுங்கிக்கொண்டான்.

ஏற்றம் முடியப்போகும் இடத்தில் எண் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை என் கால் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது.

"போதும் மச்சான், மிதிங்க" என்று அவன் சிரித்தான்.

"மிதிக்கேன்லே!"

அவன் இன்னும் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். மஞ்சள் விளக்கையும் பார்த்தான். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இறங்கி பிளக்கைத் தேடினேன். ரேடியேட்டர் குழாயைப் பிடித்துச் சுட்டுக்கொண்டேன். அவள் என்னை ஒதுக்கிவிட்டு, தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி பிளக்கோடு இறுக்கிச் சுற்றினாள். அதன்பிறகு ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வழிநெடுக அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் காலும் ஒழுங்காக இருந்தது.

விமான நிலையத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடினான். எனக்கு ஒரு சலாம்கூட இல்லை. கவுண்ட்டர் மூடியிருக்குமோ என்று பார்க்கிங்கில் நடந்து நடந்து செத்தேன். கடைசியில் அவள் போன் மினுங்கியது. வாசித்தாள். கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறிட்டானா?"

"வண்டிய எடுங்க."

"ஏய், ஏறிட்டானான்னு கேக்கேன்."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஏறிவிட்டான் என்பதை செங்கோட்டை வந்த பிறகுதான் சொன்னாள்.