சின்னத் தாச்சியின் மிசோ இறைச்சி

யோகன் அண்ணை இறந்துவிட்டார்.

காலையில் ஒருவர் சொன்னார், நம்பவில்லை. மேலும் இருவரிடம் கேட்டு, முடிவில் அவர் மனைவி ரஞ்சி அக்காவின் குரலைத் தொலைபேசியில் கேட்ட பிறகே நம்பினேன். எதையும் முதல் தடவையில் நம்பாதவன் நான்... அண்ணைக்கு இது நன்றாகத் தெரியும்.

மேடையில் மட்டும் என்னைக் கண்டவர்கள் அறியாத செய்தி ஒன்று. யூரோ புழக்கத்துக்கு வந்த ஆண்டில், பிராங்பேர்ட்டில் ஒரு யப்பானிய உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன். அங்கே அடுப்பு யோகன் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்து மனிதர் சமைத்த யப்பானியச் சமையலை யப்பானியரே வரிசையில் நின்று உண்டார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் இருவருக்கும் உணவு. ஆவி பறக்கும் சோறு, அதன்மேல் ஓர் அகப்பை மிசோ இறைச்சி.

அரைத்த பன்றியிறைச்சியை எண்ணெய் விடாமல் தாச்சியில் இட்டு, அதன் கொழுப்பே உருகித் தெளியும்வரை கிளறுவார். பிறகு துருவிய இஞ்சி, பொடியாக அரிந்த லீக்ஸ். கடைசியில், சோயா அவரையைப் புளிக்கவைத்து அரைத்த அந்த மிசோவைச் சீனியோடும் அரிசி மதுவோடும் கரைத்து ஊற்றி வற்றவிடுவார்.

"அகப்பையை இழுத்துப் பாரும். அடியில தடம் மூடாமல் நிண்டால் இறக்கலாம்." அவர் எனக்குச் சொன்ன ஒரே சமையல் விதி.

அரிசி மது... என் ஐயம் அங்கேதான் தொடங்கிற்று.

அந்நாள்களில் ஞாயிறுதோறும் மண்டபம் மண்டபமாக மதுவுக்கு எதிராக முழங்கிக்கொண்டிருந்தவன் நான். அடுப்பிலோ எப்போதும் இரண்டு தாச்சிகள். பெரியது வாடிக்கையாளருக்கு, சின்னது எங்களுக்கு. சின்னத் தாச்சிக்கு மட்டும், பெயர் ஒட்டாத ஒரு போத்தலிலிருந்து, எனக்கு முதுகு காட்டியபடி எதையோ ஊற்றுவார்.

எந்த மேடையிலும் இதுவரை சொல்லாததை இங்கே சொல்கிறேன். நானே குடித்தவன். குடித்து, வேலை இழந்து, மனைவி பிள்ளைகளைப் பிரிந்து ஓராண்டு தனியறையில் கிடந்து எழுந்தவன். ஒரு துளி உள்ளே போனால் மறுபடி எங்கே போய் விழுவேன் என்று எனக்கே தெரியாது.

ஆகவே இரண்டு கிழமை வெறுஞ்சோறு உண்டேன்.

"என்ன பேச்சாளர், இறைச்சியோட கோபமோ?"

"வயிறு சரியில்லை அண்ணை."

"வயிறு சரியில்லாத ஆள் ரண்டு கோப்பை சோறு சாப்பிடுறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஒருநாள் அவர் குளிரறைக்குள் போன நேரம் பார்த்து அந்தப் போத்தலை எடுத்து முகர்ந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"முகந்தது காணும், ஊத்திக் குடியும். அப்பிள் யூஸ். உம்மட மூக்கு என்ன, பொலிசில வேலை செய்யுதோ?"

ஐயம் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, வளர்ந்தது. ஊருக்கெல்லாம் அரிசி மது. நமக்கு மட்டும் ஆப்பிள் சாறு... ஏன்? என் பழைய கதையை எவனோ இவரிடம் சொல்லியிருக்கிறான்!

"என்னைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

"உம்மைப் பற்றி என்னத்தை?"

"நடிக்க வேண்டாம் அண்ணை. நான் குடிச்சுக் கெட்ட கதையை."

அகப்பை ஒரு கணம் நின்றது. மறுபடி கிளறினார்.

"அடிப்பிடிக்கப் போகுது. தள்ளி நில்லும்."

மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த மாதம் என் கூட்டத்துக்கு வந்தார். அதுவரை வராதவர்... முதல் வரிசையில்! பேச்சு முடிந்து, கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டபோது உயர்ந்த ஒரே கை அவருடையது.

இந்த மனிதர் ஒரு வரி சொன்னால் போதும், இனி எந்த மேடையிலும் எனக்கு இடமில்லை.

எழுந்தார். சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தம்பி நல்லாத்தான் பேசுறார். மைக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ. காது அடைக்குது."

மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதை ஓர் எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

வேறு வேலை கிடைத்தது என்று பொய் சொல்லி அங்கிருந்து விலகினேன். கடைசி நாளில் ஒரு போத்தல் நிறைய மிசோ இறைச்சி தந்தார். "சின்னத் தாச்சியில செய்தது, பயப்பிடாமச் சாப்பிடும்" என்றார்.

சாப்பிடவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் வைத்திருந்து, குப்பையில் கொட்டினேன்.

இன்று காலை, இழவு வீட்டுத் தொலைபேசியில், கேட்கக்கூடாத நேரத்தில் ரஞ்சி அக்காவிடம் கேட்டேன்: "அண்ணை என்ர பழைய கதை ஏதும் உங்களிட்டச் சொன்னவரோ?"

"உங்கட என்ன கதை தம்பி?"

"இல்லை அக்கா... அந்தச் சின்னத் தாச்சி..."

"அதோ? அது நீங்கள் அங்க வர முதலே இருந்தது. மூத்தவள் பிறந்த வருசம் இவர் குடியை விட்டவர். நக்கியும் பாக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னதால தனக்கெண்டு புறம்பா வச்சவர். உங்களிட்டச் சொல்லேல்லையோ?"

அவருடைய தாச்சி அது. தன் பங்கில் பாதியை எனக்குப் போட்டுத் தந்திருக்கிறார்.

என் கதையை அவருக்குச் சொன்னவன்... அன்று அடுப்படியில் நின்று கேட்ட நான்தான். அதை மனைவிக்கும் சொல்லாமல் கொண்டுபோய்விட்டார்.

ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டேன், அண்ணை.

போய் வாருங்கள்.