அண்ணனுக்குப் படித்துக் காட்டியவன்

அச்சகத்தில் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவன். மெய்யெழுத்தின் மேல் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. இருபத்தைந்து வயதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்தான். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை. முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் எழுதுவதெல்லாம் அவனுக்கே சலித்துவிடும். நாற்பத்தாறு வயதில், கல்யாணமும் செய்துகொள்ளாமல், அண்ணன் வீட்டு மாடியறையில் ஒண்டியிருந்தான்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விசில் தேவைப்படாத குரல். வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பியின் புத்தகத்தை எடுத்து மூக்கால் படித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். அப்படிப்பட்ட மனுஷரை ஒருநாள் காலையில் பக்கவாதம் சாய்த்துப் போட்டது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. காதும் புத்தியும் மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. அண்ணி மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கிளம்பினால், எட்டு மணி வரைக்கும் அண்ணனைப் பார்த்துக்கொள்வது புள்ளியின் பொறுப்பு.

அந்தச் சமயம் அச்சகத்தில் நூறு வருஷத்துப் பழைய பேய்க்கதைகளை மறுபதிப்புக்கு எடுத்தார்கள். வாய்விட்டுப் படித்தால் பிழை சிக்கும் என்று புள்ளி புரூஃபைக் கட்டிலருகே உட்கார்ந்து படித்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள், உயிரோடு புதைக்கப்பட்ட ஒருவன் பெட்டிக்குள் கண்விழிக்கிற இடம் வந்தது. நிமிர்ந்து பார்த்தான். அண்ணனின் இடது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. கட்டில் சட்டத்தை இரண்டு தடவை தட்டினால், ‘போதும், நிறுத்து’ என்று அர்த்தம். அண்ணி செய்திருந்த ஏற்பாடு. அவர் தட்டினார். புள்ளி அந்தப் பக்கத்தையே மறுபடியும், இன்னும் நிதானமாகப் படித்தான்.

அன்றைக்கு மாடியேறிப் போய் உட்கார்ந்தவன் ஒரே மூச்சில் பதினொரு பக்கம் எழுதினான். இருபத்தொரு வருஷம் அடைத்துக் கிடந்தது மடை திறந்த மாதிரி வந்தது. மறுநாளும் படித்தான், மறுநாளும் எழுதினான்; அது ஒரு நாவலாக வளர்ந்தது. அண்ணன் தட்டுகிற சத்தம்கூட நாவலில் ஒரு அத்தியாயம் ஆயிற்று.

இரண்டு மாதத்தில் அண்ணனுக்குப் பேய்கள் பழகிவிட்டன. படிக்கப் படிக்கத் தூங்கிப்போனார். பேனாவும் நின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த புள்ளி, புரூஃபை மடித்து வைத்துவிட்டு அவர் காதருகே குனிந்தான்.

"அண்ணே, அண்ணி உங்களை ஒரு நோயாளிகள் விடுதியில சேர்க்க விசாரிச்சுட்டு இருக்காங்க. நேத்து ஒரு ஆள் வந்து இந்த ரூமைக்கூட வாடகைக்குக் கேட்டு அளந்துட்டுப் போனான்."

எல்லாம் பொய். தினமும் கொஞ்சம் சேர்த்தான்: விடுதியின் ஜன்னலில்லாத அறை, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் செத்து மூன்று நாள் யாரும் கவனிக்காதது. அண்ணன் சாப்பாட்டைத் துப்பினார். நாலு மணி ஆனால் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவார். மனசுதான் காரணம், நல்ல வார்த்தையாகப் பேசுங்கள் என்றார் டாக்டர். நாவல் முந்நூறு பக்கத்தைத் தாண்டியது.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஏழாவது மாதம் அண்ணனுக்கு ஒரு சொல் வந்தது: "அனுப்பாதே." அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரிடம் கேள்வி கேட்டு, தலையசைப்பிலிருந்து விஷயத்தைத் துண்டுதுண்டாக வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"நான் இவரை எங்க அனுப்பப் போறேன்னு சொன்னீங்க?"

"கதை அண்ணி. சும்மா ஒரு கதை."

"தினமும் என்னைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நீங்க பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தீங்க." அதற்கு மேல் அவள் குரலை உயர்த்தவில்லை. "சாவியை வெச்சுட்டுப் போங்க."

கையெழுத்துப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, அவள் மோவாய் நடுங்கிய விதத்தை எழுதி வைத்தான்.

நாவல் வந்தது. இவ்வளவு நிஜமான பயத்தைப் படித்ததே இல்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அடுத்த வருஷம் அண்ணன் இறந்துபோனார். யாரும் அவனுக்குச் சொல்லியனுப்பவில்லை. பதினாறு நாள் கழித்து, துக்கத்துக்குப் போய் வந்த பைண்டர்தான் அச்சகத்தில் விஷயத்தைச் சொன்னார். கடைசியில் அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று புள்ளி கேட்டான்.

பைண்டர் அவன் மேஜையைப் பார்த்தார். நோட்டு திறந்திருந்தது. பதில் சொல்லாமல் பசை வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.