உயரத்தை விடமாட்டேன்

வானிலைக்காரனிடம் எல்லோருக்கும் வேண்டியது ஓர் எண்தான்; அதை எங்கே, எந்த உயரத்தில் எடுத்தோம் என்று சொல்ல ஆரம்பித்தால் கேட்டவர் எழுந்து போய்விடுவார். எண்களோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். அறுபதுகளில் நான் போர்ட் பிளேரில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில் வானிலை அப்சர்வராக இருந்தேன்; சூடு, காற்று, மழையை அளந்து எழுதுவது வேலை.

அடுப்புச் சூடு

ஜங்லிகாட் பேட்டையில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் கீழக்கரைக்காரர். "இன்னிக்கு எவ்வளவு சூடு சார்?" என்று தினமும் கேட்பார். "முப்பத்திரண்டு டிகிரி. நெழல்ல, தரையிலேர்ந்து நாலடி உயரத்துல" என்பேன். கடையே சிரிக்கும். எனக்கு ரோஷம் வரும். தெர்மாமீட்டரைத் தரையில் போட்டால் ஒரு சூடு, மரப்பெட்டிக்குள் தொங்கவிட்டால் வேறு சூடு. சொல்லாமல் எப்படி விடுவது? அவர்கள் சிரிக்கச் சிரிக்க நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பாய் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "நான் நிக்கிறது அடுப்புலேர்ந்து அரையடி சார், இந்தச் சூட்டை எந்த சர்க்கார் எழுதும்?"

மாறாத வரி

மெயின்லேண்டிலிருந்து வந்த புது அதிகாரி, தினசரிப் பதிவுத்தாளின் தலையில், கருவிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று நான் எழுதும் வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"சூடு மாறுது, காத்து மாறுது, எழுதுறே. உயரம் தினமும் அதேதானேய்யா?"

"அதனாலதான் சார் ஒரே ஒரு வரி. அதுவும் இல்லேன்னா கீழே இருக்கிற அத்தனை எண்ணும் அநாதை."

தெற்கே கார் நிக்கோபார் தீவுக்குத் தூக்கியடிப்பேன் என்றார். மறுநாளும் எழுதினேன். அவர் அடித்தார். மழைக்காலம் முழுக்க இதே கூத்து. கடைசியில் பக்கத்து மேஜை குரியன் ஓடிவந்து என் காதில் சொன்னான்: "சாரோட சிவப்பு மை தீர்ந்துபோச்சு, அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் நீதான் ராஜா!"

பறந்த கூரை

சிப்பிகாட் கிராமத்தில் குடியேறிய வங்காளிக் குடும்பங்களுக்கு ஒரு காண்ட்ராக்டர் போட்டுக்கொடுத்த தகரக் கூரைகள் மழைக்காற்றில் பறந்துவிட்டன. புயல் என்று நிரூபித்துவிட்டால் அவர் மறுபடி போட்டுத்தர வேண்டியதில்லை. எங்கள் மேட்டில், கம்பத்தின் உச்சியில் பதிவான காற்று வேகத்தைக் கேட்டு வந்தார். மேட்டில் காற்று எப்போதும் பள்ளத்தைவிட வேகம்.

"வேகத்தை மட்டும் எழுதுங்க தம்பி. மேடு, கம்பமெல்லாம் எதுக்கு? காத்து எங்கேயும் காத்துதானே?"

"கொடுத்துத் தொலை" என்றார் அதிகாரியும். நனைந்த குழந்தைகளோடு அந்தக் குடும்பங்கள் தார்பாலின் அடியில் கிடப்பதை நான் பார்த்திருந்தேன். வேகத்தை எழுதி, பக்கத்திலேயே எழுதினேன்: மேட்டின்மேல், முப்பதடி உயரத்தில், சிப்பிகாட் பள்ளத்தில் அளக்கவில்லை. அதிகாரி கிழித்தார். திரும்பவும் அதையே எழுதி நீட்டினேன். வெறும் எண்ணில் என் கையெழுத்து விழாது என்றேன்.

கடைசியில் அந்தக் குறிப்போடேயே தாள் போனது; விசாரணையில் புயல் கதை எடுபடவில்லை. கூரை திரும்ப ஏறியது. எனக்குக் கார் நிக்கோபார் ஆர்டரும் வந்தது. நான் கப்பல் ஏற நின்ற ஜெட்டிக்கு ஒரு பூசணிக்காயோடு வந்தாள், கூரை திரும்பக் கிடைத்த சிப்பிகாட் நிர்மலா தீதி; ஊருக்கே அக்கா. தீவு ஹிந்தியில் அதட்டலாகச் சொன்னாள்: "அங்கே போயும் இப்படியே எழுது, பாபு!"

நான் எழுதிய எண்களுக்கெல்லாம் உயரம் உண்டு, என் உத்தியோகத்துக்குத்தான் கடைசிவரை இல்லை, போகட்டும்.