மெழுகு குடித்த கைப்பிடி

என் மனைவி கடைசல்காரி. கல்யாணத்துக்கு முன்பு கட்டில் கால் கடைகிற பட்டறையில் வேலை பார்த்தவள். இப்போது எங்கள் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில் ஒரு சின்ன லேத்தைப் போட்டுக்கொண்டு மரப் பேனா செய்கிறாள். அப்படியானால் துணியை எங்கே துவைப்பது என்று கேட்டேன். கேட்டதோடு சரி.

மரத்தில் நீளவாக்கில் துளை போட வேண்டும். அதற்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருக வேண்டும். காய்ந்த பிறகு மேலே கடைந்து வழவழப்பாக்கி, முனை, திருகு என்று உலோகப் பாகங்களை இரண்டு பக்கமும் அழுத்திப் பொருத்தினால் பேனா. பார்க்கிறவர்கள் மரத்தைத்தான் மெச்சுவார்கள். உள்ளே குழாய் விட்டுப்போனால் எல்லாம் போச்சு. அதனால் அவளுடைய கவலையெல்லாம் பசையைப் பற்றித்தான். என்னைப் பற்றி அதில் பாதி கவலைப்பட்டாலும் போதும் என்று எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு.

அலமாரியில் மூன்று பசை இருக்கிறது. மூன்றுக்கும் பெயர் வைத்தவன் நான். சொட்டு விட்டதும் ஒட்டுகிற பசை, புது மாப்பிள்ளை. குழாய் பாதி வழியில் இருக்கும்போதே அழுத்தமாக உட்கார்ந்துவிடும், பிறகு எழுப்ப முடியாது. ஒரு அடி பட்டால் சட்டென்று முறித்துக்கொண்டு போய்விடும். நுரைத்துப் பொங்குகிற பசை, மாமனார். போகும்போது சாதுவாகப் போய், உள்ளே உப்பிக் குழாயையே வெளியே தள்ளும். இரண்டு டியூபிலிருந்து சம அளவு எடுத்துக் கலக்குகிற பசை, சம்பந்திகள். எந்தப் பக்கம் குறைந்தாலும் கடைசிவரை இறுகாது. சமமாகக் கலந்து ஒரு நாள் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இந்தப் பெயர்களுக்கு அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. ஆனால் போன மாதம், "சம்பந்திங்க தீர்ந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரருக்கு வாதம் வந்து வலது கை இழுத்துக்கொண்டது. நடை தேறிவிட்டது. கைதான் தேறவில்லை. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியே இருக்கும், நடுங்கும். ஒருநாள் காலை அவரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள்.

"திங்கக்கிழமை பொண்ணுக்குப் பதிவுக் கல்யாணம்மா. நான் சாட்சிக் கையெழுத்து போடணும். பேனா கைக்குள்ள நிக்க மாட்டேங்குது, நழுவுது. விரல்ல மை தடவி வச்சிடுங்கன்னு சொல்றாங்க." அவர் குரல் உயர்ந்தது. "நான் படிச்சவன்மா. என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் கைநாட்டு வைக்க மாட்டேன்."

அவர் மனைவி துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். "பழைய கரி இஸ்திரிப்பெட்டியோட கைப்பிடி. இத மட்டும் இன்னும் கெட்டியா புடிக்கிறாரு. பாருங்க."

கொடுத்ததும் அவருடைய விரல்கள் அதைச் சுற்றி இறுகின. திரும்ப வாங்க, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. என் மனைவி அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியில் துளை ஏற்கெனவே இருந்தது. இஸ்திரிப்பெட்டியின் இரும்புக் கம்பி அதன் வழியாகத்தான் போயிருந்தது. ஆனால் பித்தளைக் குழாய்க்கு அந்தத் துளை கொஞ்சம் பெரிது. இடைவெளியை நிரப்பிக்கொண்டு பிடிக்கச் சம்பந்திகளை விட்டால் ஆள் இல்லை என்றாள். குழாயை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாள். துளையை வழக்கம்போல் ஸ்பிரிட்டால் துடைத்தாள். குழாய்க்குள் பசை போகாமல் இரு வாயையும் களிமண்ணால் அடைத்து, திருகித் திருகி உள்ளே விட்டாள். மறுநாள்வரை தொடவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பாகத்தை வைத்து அழுத்தினாள். பாகம் உள்ளே போகவில்லை. குழாய் மறுபக்கமாக வெளியே வந்துவிட்டது. பசை முழுவதும் நன்றாக இறுகிக் குழாயோடுதான் இருந்தது. மரத்தை மட்டும் அது பிடிக்கவே இல்லை.

அவள் முகம் செத்துப்போயிற்று. அவளை நான் எவ்வளவோ கேலி செய்வேன், அந்த முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. துளையை மூக்கருகே கொண்டுபோனாள். செருப்பை மாட்டிக்கொண்டு இஸ்திரிக்காரர் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, இந்தக் கைப்பிடிக்குள்ள என்ன தடவுவீங்க?"

"மெழுகும்மா," என்றார் இஸ்திரிக்காரர் பெருமையாக. "இல்லேன்னா கம்பி கிறீச் கிறீச்னு கத்தும். சூட்டுல உருகி நல்லா உள்ள எறங்கிடும்."

வருஷக்கணக்காக மெழுகு குடித்த மரம். அதை ஸ்பிரிட் என்ன செய்யும்? வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "ஒரு வார்த்த கேட்டிருக்க வேணாமா? வழக்கம்னு துடைச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

வீட்டுக்கு வந்து, துளையைப் பெரிதாக்க ஆரம்பித்தாள். மெழுகு ஏறிய பாகமெல்லாம் போய் நல்ல மரம் தெரிய வேண்டும். காய்ந்த பழைய மரம், கொஞ்சம் அழுத்தினால் வெடித்துவிடும். இன்னொரு கைப்பிடிக்கு எங்கே போவது? நான் மூச்சு விடுவதைக்கூட நிறுத்தி நிறுத்தி விட்டேன். வெடிக்கவில்லை. இப்போது துளை ரொம்பப் பெரிதாகிவிட்டது. நடுவில் வைக்க மரம் தேடியவள், தரை துடைக்கிற கட்டையின் கழியை நறுக்கினாள். அன்றிலிருந்து நான் குனிந்துதான் தரை துடைக்கிறேன். அந்தத் துண்டைக் கடைந்து துளை போட்டு, அதற்குள் குழாயும் கைப்பிடிக்குள் அதுவுமாக உட்கார வைத்துப் பார்த்தாள். இனிப் பசைதான் பாக்கி.

"புது மாப்பிள்ளையத் தடவு," என்றேன். "இப்பவே முடிஞ்சிடும். சரியா வரலேன்னா இன்னொரு தடவ பாக்க நேரம் இருக்கும். சம்பந்திங்க காயறதுக்குள்ள நாளைக்கு சாயங்காலம் ஆயிடும். அதுவும் விட்டுச்சுன்னா அவ்வளவுதான்."

"அவரு கை நடுங்குதுங்க. பேனா கீழ விழும். விழுந்தா உங்க மாப்பிள்ள தாங்க மாட்டாரு."

இரண்டு டியூபையும் சம அளவில் பிதுக்கிக் கலக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதன் பக்கம் போகக்கூடாது என்று எனக்கு உத்தரவு. சாயங்காலம் அழுத்தினாள். குழாய் அசையவில்லை. பாகங்கள் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. இனிக் கடைவாள் என்று பார்த்தால், எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து மேசையில் வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது, பேனாவா உலக்கையா? கொஞ்சம் கடைஞ்சு மெலிசாக்கக் கூடாதா?"

"விரல் பட்டுப் பட்டுத் தேஞ்ச பள்ளம் இருக்கு, தொட்டுப் பாருங்க. கடைஞ்சா அது போயிடும். பேனா அவரு கைக்குத்தாங்க, உங்க கண்ணுக்கில்ல."

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் நாங்களும் நின்றோம். மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். இஸ்திரிக்காரர் முறை வந்தது. அவர் கையைப் பார்த்த எழுத்தர், தானாகவே மை டப்பாவைத் திறந்து முன்னால் நகர்த்தி வைத்தார். இஸ்திரிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. இடது கையால் காகிதத்தின் மடிப்பைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டு, கைப்பிடிப் பேனாவால் எழுதத் தொடங்கினார். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. கை வெட்டி இழுத்தது. பேனா பறந்துபோய்க் கல் தரையில் விழுந்தது.

என் மனைவி குனிந்து எடுத்தாள். இரண்டு பக்கப் பாகங்களையும் விரலால் அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை. திருகினாள், முனை உள்ளே போய் வெளியே வந்தது. அவர் கையில் வைத்தாள். விரல்கள் சுற்றி இறுகின.

மீதிப் பெயரை அவர் எழுதி முடித்தார். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் மறைத்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. எழுத்தர் மை டப்பாவை மூடி மேசைக்குள் வைத்தார்.