பக்க எண் இல்லாத கட்டுரை

போன வாரம் உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஓர் ஆராய்ச்சி மாணவர் பிடித்துக்கொண்டார். இந்தப் பத்தியைப் படிக்கிறவராம். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஒரு பொத்தானைத் தட்டினால் ரெஃபரன்ஸ் லிஸ்ட் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆசிரியர், வருடம், தலைப்பு, இதழ், பக்க எண் — கமா, புள்ளி உட்பட.

"இவ்வளவையும் படிச்சீங்களா?" என்றேன்.

"லிஸ்ட் கரெக்டா இருக்கு சார்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் எனக்குப் பழக்கமான பதில்.

எண்பதுகளின் கடைசி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்பிங் கடையில் இருந்தேன். எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் தெரியாது, எழுத்து தெரியும். டைப் அடிக்க அது போதும். அர்த்தம் புரிந்தால் வேகம் குறையும் என்பார் முதலாளி.

ஜெயசீலி டீச்சர் தன் எம்.ஃபில். ஆய்வேட்டை அங்கேதான் கொடுத்திருந்தார். கல்வராயன் மலை ஜனங்கள் மருந்துக்குப் பறிக்கும் செடிகளைப் பற்றிய ஆய்வு. இரண்டு வருடம் மலையேறி இறங்கியிருந்தார்.

அவருடைய கைடு எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, ரெஃபரன்ஸ் லிஸ்ட்டில் ஒரே ஒரு வரிக்குச் சிவப்பு வட்டம் போட்டார். ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ எழுதிய கட்டுரை. இதழ் இருக்கிறது, வால்யூம் இருக்கிறது... பக்க எண் இல்லை. அது இல்லாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் அந்த வரியை எடுத்ததே கைடு எழுதிய கட்டுரையிலிருந்துதான். அதிலும் பக்க எண் கிடையாது. அதை அவரிடம் யார் சொல்வது?

சமர்ப்பிக்கப் பத்து நாள்தான் இருந்தது. தவறினால் பதிவு காலாவதி. லெக்சரர் வேலைக்கு மனுப்போடவே முடியாது. அந்த வால்யூமோ விழுப்புரத்தில் ஒரு கல்லூரி லைப்ரரியில். அந்த வாரம் பார்த்துத்தான் மறியல். சாலையோரப் புளியமரமெல்லாம் வெட்டுப்பட்டு நடுச்சாலையில் கிடந்தன.

கடை மூடியிருந்ததால் எனக்கும் வேறு சோறு இல்லை. டீச்சர் அந்த வரியை எழுதிக்கொடுத்த சீட்டையும், வீட்டில் கட்டிக்கொடுத்த சோற்றையும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். மரம் வந்தால் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பேன். ஏறுவேன். அடுத்த மரம் வரும்.

எலவனாசூர்கோட்டை தாண்டி, ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"இன்னாத்துக்குபா போற?"

"ஒரு புஸ்தகத்துல பக்க நம்பர் பாக்கணுங்க."

"யார்கிட்ட கதை வுடற?"

சீட்டை நீட்டி, டீச்சர் கதையைச் சொன்னேன். அவர்களில் பி.ஏ. முடித்த ஒருவர் வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"இந்த நம்பர் கெடச்சா அந்தம்மாவுக்கு வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும்னு சொல்றாங்க."

"எங்கிட்ட எல்லா நம்பரும் கீது. ரோல் நம்பரு, மார்க்கு, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் நம்பரு... வேலைதான் வரல."

சைக்கிளின் பின்பக்கத்தை அவரே தூக்கிவிட்டார்.

கல்லூரிக்கு லீவு. ஆனால் லைப்ரரியன் ஊருக்குப் போக பஸ் இல்லாமல் லைப்ரரியிலேயே தங்கியிருந்தார். சீட்டைப் பார்த்ததும், "நீ மூணாவது ஆளு" என்றார்.

வால்யூமை எடுத்துப் பார்த்தார். அந்தக் கட்டுரை அதில் இல்லை. முந்தையதில் இல்லை. பிந்தையதிலும் இல்லை.

"முன்ன வந்தவங்க இன்னாங்க பண்ணாங்க?"

"ஒருத்தர் நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கினாரு. இன்னொருத்தர் நூத்திப் பன்னெண்டு. ரெண்டு பேருக்கும் பட்டம் வந்துச்சு. நீயும் ஏதாச்சும் ஒன்னு போட்டுக்கோ."

பட்டியல் ஒழுங்காக இருந்தால் உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ரேஷன் கடையிலிருந்து ஆராய்ச்சி வரைக்கும் இதுதான்.

திரும்பி வந்து சொன்னேன்.

"நூத்தி இருபதுன்னு போட்டுடலாமா டீச்சர்? ரவுண்டா இருக்கும்." நல்லெண்ணத்தில்தான் கேட்டேன்.

"எங்கண்ணால பாக்காத செடி ஒன்னுகூட இதுல இல்ல தம்பி. இத மட்டும் எப்படி எழுதறது?"

"கைடு கையெழுத்துப் போடலன்னா?"

"போடலன்னா போடல." குரலில் அவ்வளவு தைரியம் இல்லை.

ஆய்வேடு எழுதும் விதிகள் அடங்கிய புத்தகத்தை எடுத்து மெதுவாகப் புரட்டினார். அதில் ஒரு விதி இருந்தது. மூலத்தை நீங்கள் பார்க்கவில்லையா? யாருடைய கட்டுரையில் அதைப் பார்த்தீர்களோ, அவர் பெயரையும் அந்தக் கட்டுரையின் பக்க எண்ணையும் கொடுங்கள். அப்படியே அடிக்கச் சொன்னார். முதலில் வெள்ளைக்காரர் பெயர். பிறகு, அவரை மேற்கோள் காட்டியவராகக் கைடின் பெயர், கைடின் கட்டுரை, கைடின் பக்க எண். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொறுப்பு முழுக்கக் கைடு தலையில்.

மறியல் முடிந்ததும் போனோம். கைடு நேராகக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். விரல் அந்த வரிக்கு வந்து நின்றது. டீச்சர் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கைடு தன் பெயரைப் பார்த்தார்... மறுபடியும் பார்த்தார்.

"நம்ம பேப்பரை நல்லாப் படிச்சிருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

டீச்சருக்கு வேலை கிடைத்தது. எனக்குத் தெரிந்து, அந்த வெள்ளைக்காரர் கட்டுரையைப் படிக்கவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் எல்லோரும் பக்க எண்ணோடு படித்திருக்கிறார்கள்.