மரியாதை பிளாஷ்

எடுக்காத படத்தை எடுத்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை நான் ஏமாற்றினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படம் வராததற்கு அவரேதான் காரணம் என்று அவரை நம்பவும் வைத்தேன். எழுபது தாண்டிய பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், போன தை மாதம் ராஜபாளையத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய கேமராதான் காரணம்.

மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த, குனிந்து பார்த்துப் படம் எடுக்கிற பெட்டி. ஒரு தையல் மிஷின் தலைக்குப் பக்கத்தில் கிடந்தது. "வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "செய்யாது சார். ஷோகேஸ்ல வைங்க, அம்சமா இருக்கும்" என்றார் கடைக்காரர். இப்படி உண்மை பேசுகிறவரிடம் பேரம் பேசக் கூச்சமாக இருந்தது.

முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒளியைப் பற்றி நாள்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்தப் பெட்டியின் முதல் திருகாணியைக் கழற்ற எனக்கு இரண்டு நாள் ஆனது. கழற்றியதும் அது உருண்டு அடுப்படிக்குள் போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "சோறு திங்கிற இடத்துல பெட்ரோல் வாசம். ரிட்டயர்டான மனுசன் டிவி பாத்தா ஆகாதா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

ஷட்டரில் அவரை விதைத் தோல் மாதிரி மெல்லிய ஐந்து இதழ்கள். பழைய எண்ணெய் இறுகி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்ரோல் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். நான்காம் நாள் பின்கதவைத் திறந்து, உள்ளே பார்த்தபடி அழுத்தினேன். டிக். ஜன்னல் வெளிச்சம் லென்ஸ் வழியாக ஒரு கணம் வந்து கண்ணில் பட்டது. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தவன், அப்படியே நின்றுவிட்டேன். பூரணத்தக்கா நினைவுக்கு வந்துவிட்டார்.

பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த இரண்டு வருடம் ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். இதே மாதிரிப் பெட்டிதான். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். கல்யாண வீட்டிலோ பன்னிரண்டு மாமாக்கள் இருப்பார்கள், அத்தனை பேரும் தனித்தனியாக நிற்க ஆசைப்படுவார்கள். அதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். பிளாஷின் பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், கேமரா சும்மா இருக்கும். வெளிச்சம் அடித்துவிட்டால் படம் விழுந்துவிட்டது என்று நம்புகிற காலம். "தம்பி, பெரியவருக்கு ஒரு மரியாதை பண்ணு" என்று முதலாளி சொன்னால், வெறும் பிளாஷ் என்று அர்த்தம். பெரியவருக்கோ, தனக்கு இவ்வளவு மரியாதையா என்று முகம் மலர்ந்துவிடும். எனக்கும் அதில் ஒரு குஷி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அக்கா முறை பூரணம். கான்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். மயில்கழுத்து நிறத்தில் சேலை. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தார்.

"அவிய மிலிட்டரில இருக்காவ தம்பி. போட்டா அனுப்பு, போட்டா அனுப்புன்னு லெட்டர் மேல லெட்டர். என்னைய மட்டும் தனியா ஒண்ணு எடு."

ரோலில் மூன்று படம் மிச்சம் இருந்தது. பின்னாலிருந்து முதலாளி, "அக்காவுக்கு நல்லா ஒரு மரியாதை பண்ணு தம்பி" என்றார். பூரணத்தக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலால் அழுத்தினேன்.

"நல்லா விழுந்திருக்குமா?"

"ராணி மாதிரி விழுந்திருக்கீங்க."

அந்தப் படத்துக்காக அவர் கான்சாபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி ராஜபாளையத்துக்கு மூன்று முறை வந்தார். முதல் இரண்டு முறை, இன்னும் கழுவவில்லை என்றேன். மூன்றாம் முறை, ரோலில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று வழக்கமான சாக்கைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "கண்ணை மூடிட்டீங்க அக்கா. படம் கெட்டுப்போச்சு." முதலாளி சொல்லித் தராத பொய் அது, முழுக்க என்னுடையது. "அய்யய்யோ, எம்மேலதான் தப்பா?" என்று கேட்டுவிட்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

கேமரா சரியானதும் ஒரு ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டு கான்சாபுரத்துக்கு பஸ் ஏறினேன். இறங்கி, மிலிட்டரிக்காரர் வீடு எது என்று விசாரித்தேன். "எந்த மிலிட்டரிக்காரரு? தெருவுக்கு நாலு பேரு இருக்காவ" என்றார் டீக்கடைக்காரர். பூரணம் என்றதும் வழி சொன்னார்.

வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார் பூரணத்தக்கா. நான் யார் என்று சொல்லிவிட்டு, உட்காராமலே சொன்னேன். "அன்னிக்கு நீங்க கண்ணை மூடல அக்கா. நான் படமே எடுக்கல."

அவர் கை நின்றது.

"மூணு தடவ வந்தேனே தம்பி."

"ஆமாக்கா."

"பச்சப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்தேனே."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, செத்த இங்க வாங்க. இந்தத் தம்பி சொல்லுததக் கேளுங்க." வெள்ளை மீசையும் பனியனுமாக வந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எம்புட்டு லெட்டர்யா போட்டேன்! அம்புட்டுப் பயலும் டிரங்குப் பெட்டி மூடியில பொண்டாட்டி போட்டாவ ஒட்டியிருந்தான். எம்பெட்டியில முகம் பாக்கிற கண்ணாடிதான். 'ஏலே, ஒன் மூஞ்சிய நீயே பாத்துக்கோ'ன்னு சிரிப்பானுவ."

"இவியளாவது பரவால்ல" என்று பூரணத்தக்கா உள்ளே போய் ஆதார் அட்டையை எடுத்துவந்து நீட்டினார். "கண்ணு மூடிரும்னு பயந்து, பொறவு வயசான மட்டும் போட்டாவே எடுக்கல. மூடிரக் கூடாதுன்னுதான் இதுல இப்படி முழிக்கேன். பேத்தி பயப்படுதா." அட்டையில் இருந்தவர் திருடனைப் பார்த்தவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் கேமராவை எடுத்ததும் சிரிப்பு நின்றது.

"இப்ப என்னத்துக்கு? அன்னிக்கு இருந்த மூஞ்சி எங்க இருக்கு?"

"எனக்கு வேணும்" என்றார் மிலிட்டரிக்காரர். "நான் கேட்டது இன்னும் வரல."

பூரணத்தக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "எத்தன தடவ வேணும்னாலும் இமைச்சுக்கோங்க" என்றேன். பன்னிரண்டு படத்தையும் அவருக்கே எடுத்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "போட்டாவக் கையில கொண்டாந்து குடுக்கக் கூடாது. அவிய பேருக்குத் தபால்ல போடணும்."

குளியலறையை இருட்டாக்கி நானே கழுவினேன். நல்லதாக ஒன்றை அச்சிட்டு, உறையில் அவர் கணவர் பெயரையும் பின்பக்கம் என் போன் நம்பரையும் எழுதித் தபாலில் சேர்த்தேன். திரும்பும் வழியில் எங்கள் ஸ்டுடியோ இருந்த இடத்தைப் பார்த்தேன். செல்போன் உறை விற்கிறார்கள். இப்போது ஒரு பந்தி முடிவதற்குள் ஆயிரம் படம் எடுத்துவிடுகிறார்கள், யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. மயில்கழுத்துச் சேலையில் நின்ற அந்த முகம் மட்டும் எந்தப் பிலிமிலும் இல்லை. அவருடைய இளவயதுப் படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள் பூரணத்தக்கா போன் செய்தார். "தம்பி, போட்டா வந்துட்டு. எனக்கு ஒழுங்காக் காட்டக்கூட இல்ல. சட்டப் பையில வச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டாவ."

"அங்க என்ன சொல்லிக் காட்டுதாவளாம்?"

"'பொண்டாட்டி போட்டா அனுப்பியிருக்கா, தபாலு கொஞ்சம் லேட்டாயிட்டு'ன்னு சொல்லுதாவளாம்."