பாகம் பிரித்த பிளஷர்

மற்ற வாத்தியார்களுக்குச் சீட்டாட்டம் இருந்தது, கச்சேரி இருந்தது. ஒருவர் வெளிநாட்டுத் தபால்தலை கூடச் சேர்த்தார். எனக்கு வாய்த்த பைத்தியம் பழைய மோட்டார்ச் சாமான். புதுக்கோட்டையில் நான் சயன்ஸ் வாத்தியார். எஞ்சினுக்குள் பெட்ரோல் எப்படி எரிகிறது என்று கரும்பலகையில் பத்து வருஷம் படம் போட்டவன். படம் போட்டுப் போட்டே, செத்துப்போன ஒரு வண்டியை என் கையால் எழுப்பி ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளில் காரைக்குடி, திருச்சி என்று போய்ப் பழைய இரும்புக் கடைகளில் குனிந்து கிடப்பேன். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை சாமான்களால் நிரம்பியபோது, கறவை மாட்டைக் கீரமங்கலத்தில் மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து என் மனைவி அடுத்த வீட்டில் பால் வாங்கினாள். ஏன் வாங்குகிறாள் என்பதைத் தெருவில் யாரும் கேட்காமலே சொன்னாள்.

திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு செட்டியார் வீட்டில் பழைய பிளஷர் கார் கிடக்கிறது என்று இரும்புக் கடைக்காரர் சொன்னார். சொல்லும்போதே சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காரை வாங்கியவர் பெரிய செட்டியார். பர்மாவில் கடை வைத்திருந்தவர். கார் ஊருக்குள் வந்த அன்று, தன் ஒரே மகளின் மூன்று வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, "எம் பேத்தி இந்தக் கார்லதான் புருஷன் வீட்டுக்குப் போவா" என்று ஊர் கேட்கச் சொன்னாராம். சில வருஷத்தில் அவர் போய்விட்டார். அவருடைய நான்கு ஆண்பிள்ளைகளும் வீட்டை, நிலத்தை, பண்டபாத்திரத்தை எல்லாம் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டார்கள். கார் மிஞ்சியது. விற்றுவிடலாம் என்றால் தகப்பனார், அதாவது அவர்கள் அப்பச்சி, கொடுத்த வாக்கு என்ன ஆவது? ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்றால் மற்ற மூவர் என்ன இளைத்தவர்களா? ஆகவே காரைக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, காரைக் கழற்றி, நான்கு பங்காக வைத்து, திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

மூத்தவருக்கு எஞ்சின் விழுந்தது. இரண்டாமவருக்குச் சக்கரங்களும் அடிச்சட்டமும். மூன்றாமவருக்கு மேல்கூடு, கதவு, மெத்தை. நான்காமவருக்கு ஸ்டீயரிங், லைட்டு, ஹாரன், இன்னும் சில்லறைச் சாமான்கள். தன் பங்கு எடை குறைவு என்று நான்காமவர் வழக்குப் பேசியதால் அவருக்கு இரண்டு பித்தளை அண்டா சேர்த்துக் கொடுத்தார்களாம். இவ்வளவு நியாயமாக நடந்த பாகப்பிரிவினைக்குப் பிறகு நான்கு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அந்த வீட்டுக்குள் முதல் தடவை போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே வீடு, நான்கு அடுப்பு. மூத்தவர் எஞ்சினைப் பட்டுத்துணி போர்த்திப் பலகையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனப் பொட்டு. மூன்றாமவர் காரின் பின் மெத்தையில் மத்தியானத் தூக்கம் தூங்கினார். அதன் கதவுகள் கொல்லையில் கன்றுக்குட்டியை மறித்து நின்றன. நான்காமவர் தண்ணீர் வேண்டுமென்றால் ஹாரனை அமுக்கினார். இரண்டாமவர் மட்டும் சக்கரங்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார், மற்ற மூவரும் உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. மூன்று பேரும் ஆளுக்கொன்று உருட்டிக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

பேத்திக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் கல்யாணம் என்று பேச்சிருந்தது. அதற்குள் அந்தக் காரை ஒன்றாக்கிக் கல்யாணத்துக்கு ஓட்டிக் கொடுப்பது என்று மனதுக்குள் சபதம் செய்தேன். தர்ம காரியம் என்று வெளியில் சொன்னேன். உண்மையில் எனக்கு வேண்டியது கார்தான். கல்யாணம் ஒருநாள், அப்புறம் வண்டி என் கொட்டகையில்தானே நிற்கப்போகிறது!

நான்கு பேரையும் தனித்தனியாகப் பார்த்தேன். மூத்தவரிடம், "எஞ்சின்தானே காருக்கு உயிர்?" என்றேன். இரண்டாமவரிடம், சக்கரம் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி என்றேன். மூன்றாமவரிடம், ஊர் பார்ப்பது மேல்கூட்டைத்தான் என்றேன். நான்காமவரிடம், எஞ்சினும் சக்கரமும் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பதே ஸ்டீயரிங்தான் என்றேன். நான்கும் உண்மை. வகுப்பில் ஒருநாளும் நான் இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை.

நான்கு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நான்கு பேரும் ஒரே நிபந்தனையைத்தான் போட்டார்கள்.

"மத்த மூணு பேருக்கும் தெரியக்கூடாது, வாத்தியாரே. பங்கு என்னுதுதான். இருக்கிறது மட்டும் ஒங்ககிட்ட. கல்யாணத்தன்னிக்குத் தெரியட்டும், யாரு தயவுல இது ஓடுதுன்னு."

ஆக, பட்டப்பகலில் ஒரே வாசல் வழியாக, வைக்கோல் போர்த்திய மாட்டுவண்டிகளில், ஒரு முழுக் காரை நான்கு தவணையாகக் கடத்தினேன். மூத்தவரின் எஞ்சின் ஆட்டுக்கல் என்ற பேரில் போனது. மூன்றாமவரின் மேல்கூட்டை எந்த வைக்கோலாலும் மறைக்க முடியவில்லை. மற்ற மூவரும் அந்தப் பக்கம் பார்ப்பதே கௌரவக் குறைவு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதால் தப்பித்தேன். பேசாத வீட்டில் ரகசியம் காப்பது ரொம்ப சுலபம்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கொட்டகையிலேயே குடியிருந்தேன். துருவைச் சுரண்டினேன். எலி கடித்த வயரையெல்லாம் மாற்றினேன். தொலைந்துபோன ஒரு சின்ன ஸ்பிரிங்குக்காகத் திருச்சிக்கு ஐந்து தடவை போய்வந்தேன். கடைசியில் எல்லாம் பூட்டி முடித்து, முன்னால் போய் நின்றபோதுதான் கவனித்தேன். ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டில் இல்லை. முன்பக்கத்து ஓட்டையில் விட்டுச் சுற்றினால்தான் அந்தக் காலத்து வண்டி கிளம்பும். நான்கு செட்டியார்களையும் போய்க் கேட்டேன். "எம் பங்குல வரலையே" என்று நான்கு பேரும் சாதித்தார்கள்.

கொல்லனிடம் ஒன்று அடித்து வாங்கினேன். அதை மாட்டிச் சுற்றினேன். எஞ்சின் ஒரு முக்கு முக்கியது. ஹேண்டில் பின்பக்கமாகத் திருப்பி அடித்துவிட்டு ஒடிந்தது; கொல்லன் அடித்த இரும்பு அதற்குத் தாங்காது. என் வலது மணிக்கட்டு முறிந்தது. ஒன்றரை மாதம் பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதினேன். என் கையெழுத்து திருந்திவிட்டதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார்.

கைக்கட்டோடு உட்கார்ந்த எனக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நாலு பேருக்கும் பிரிச்சாங்க, சரி. அந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்காங்கல்ல, கல்யாணப் பொண்ணுக்கு ஆத்தா. அவுங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

அந்த வீட்டின் நான்கு அடுப்படியிலும் காப்பி குடித்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாளே அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி, நடுவயதுக்காரர், அண்ணன்மார் நால்வருக்கும் இளையவர். வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஓர் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு இடத்தில் வளைந்த கம்பி. பார்த்தவுடன் நான் தேடிய ஹேண்டில் என்று தெரிந்துவிட்டது.

"ஆச்சி, இது..."

"அதுவா? பாகம் பிரிச்ச அன்னிக்கு இது ஒண்ணு மிச்சமாப் போச்சு. நாலாப் பிரிக்க முடியலை. பொம்பளப்பிள்ளைக்கு ஏதாச்சும் குடுக்கணும்லன்னு பெரியண்ணன் தூக்கிக் குடுத்தாக." சொல்லிவிட்டு என் கைக்கட்டைப் பார்த்தார். "கட்டை விரலைச் சுத்திப் பிடிச்சீங்களாக்கும்? அப்பச்சி அஞ்சு வெரலையும் ஒரே பக்கமா வச்சுத்தான் சுத்துவாக. அடிச்சா கை தானா விட்டுரும்."

பத்து வருஷம் எஞ்சின் படம் போட்ட வாத்தியாருக்கு இது புதுப்பாடம். கேட்டுக்கொண்டேன். ஹேண்டிலைக் கொடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். "காரு ஓடணும்னா நானே கொண்டாந்து தாரேன், முடிஞ்சதும் எடுத்துக்கிருவேன். அப்பச்சி சொத்துல எனக்கு வந்தது இது ஒண்ணுதான். எம் பொண்ணு அவுக கார்ல போயிட்டான்னா எனக்கு அது போதும்." அந்த முகத்தைப் பார்த்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு கார் என் கொட்டகையில் நிற்கும் என்ற நினைப்பு எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் நினைப்பை விடவில்லை.

என் கைக்கட்டை அவிழ்த்த பிறகு, சொன்னபடி திருக்கோகர்ணத்துக்கு வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹேண்டிலை என்னிடம் கொடுத்து, என் விரல்களைச் சரிபார்த்த பிறகுதான் சுற்றவிட்டார். ஏழாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கொட்டகைக்குள் ஒரு குதி குதித்தேன். ஆச்சி சத்தம் போடாமல் அழுதார். என் மனைவி மட்டும் கொட்டகையை நீளவாக்கில் பார்த்து, மாடு எங்கே கட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தாள்.

கல்யாணம் நடந்தது. மறுநாள் பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். ஒன்றரை மைல்தான். விடியுமுன் ஆச்சி ஹேண்டிலோடு வந்து கிளப்பிக் கொடுத்த காரைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, ஆச்சி வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அம்மான் முறைக்கு நான்கு பேரும் வந்தே ஆகவேண்டும். வந்தார்கள். காரைப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அடிதடி வரும் என்று நான் பயந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூத்தவர் பானெட்டைத் தடவிப் பார்த்து, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "என் எஞ்சின்" என்றார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இரண்டாமவர், "சக்கரம் யாருதுன்னு ஊருக்கே தெரியும்" என்று பின்னால் ஏறினார். மூன்றாமவர் தன் மெத்தையில் தானே உட்கார்ந்தார். நான்காமவர் ஹாரனை ஒரு தடவை அமுக்கிவிட்டு மிச்சமிருந்த இடத்தில் நுழைந்தார். ஓட்டுகிறவனைத் தவிர நாலு பேர்தான் அதில் உட்காரலாம். பட்டுச் சேலையும் கழுத்துருத் தாலியுமாகக் கல்யாணப் பெண் தெருவில் நின்றாள், பக்கத்தில் மாப்பிள்ளை.

"பொண்ணு மாப்பிள்ளை பின்னால மாட்டுவண்டியில வரட்டும்" என்றார் மூத்தவர். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். பாகப்பிரிவினைக்குப் பிறகு நான்கு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

நானாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கார் ஓடினால் போதும் என்றிருந்தது. ஹேண்டிலுக்காக ஆச்சியிடம் கையை நீட்டினேன். ஆச்சி கொடுக்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றிய அந்தக் கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றார்.

"எறங்குங்கண்ணே."

நான்கு பேரும் இருந்த இடத்தில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்கள்.

"எஞ்சின் ஒங்களுது, சக்கரம் அவுகளுது, எல்லாம் சரி. இதை நீங்கதான் எனக்குக் குடுத்தீக. எம் பங்கு சேராம ஒங்க நாலு பங்கும் நகராது. எறங்குங்க."

வேறு வழி ஒன்று இருந்தது; தள்ளினாலும் அந்தக் கார் கிளம்பும். ஆனால் அதற்கு நான்கு பேர் சேர்ந்து ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். மூத்தவர்தான் முதலில் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

ஆச்சி பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றினார். ஹேண்டிலை என்னிடம் தரவே இல்லை. ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைத்துத் தானே சுற்றினார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் கிளம்பியது. மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒராளு உக்காரலாம். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கண்ணே" என்றார்.

பேசினால்தானே! நான்கு அம்மான்களும் ஒன்றரை மைல் செம்மண் தூசியில் நடந்தே வந்தார்கள். நான் அப்படியொன்றும் மெதுவாக ஓட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை வீட்டில் சீர்ச் சாமான்களைப் பரப்பிவைத்தாகிவிட்டது. வெள்ளிக் கூஜாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் அந்த இரும்புக் கம்பி இருந்தது. இது என்ன என்று சம்பந்தி அம்மாள் கேட்டார். "எங்க அப்பச்சி சொத்துல எனக்கு வந்த பங்கு. எம் பொண்ணுக்குத் தாரேன்" என்றார் ஆச்சி.

சாயங்காலம் காரைத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று கிளம்பினேன். ஹேண்டில் இப்போது கல்யாணப் பெண்ணிடம் இருந்தது. போய்க் கேட்டேன். பதினாறு வயதுப் பெண், தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னாள்:

"பங்கு அம்மான்களோடதுன்னு சொன்னாக. நாலு அம்மானும் ஒண்ணாச் சேந்து வந்து கேக்கட்டும் சார். தாரேன்."

நான் பஸ்ஸில் வீடு திரும்பினேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அந்த வாரமே கீரமங்கலத்திலிருந்து மாடு வந்துவிட்டது. அம்மான்கள் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே நடையாய் நடந்தார்கள். நான்கு பேரும் சேர்ந்து ஒருநாளும் போகவில்லை. உலக யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போகும் வரை, அந்தப் பெண் அந்தக் காரில் கோயிலுக்கும் ஆத்தா வீட்டுக்கும் போய்வந்தாள்.